கம்பித்துறையில் பார்க்க வேண்டியவை

ஜெலாப்பாங், ஈப்போ
8.3.1981

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு,

மகள் நவமணி எழுதுவது. நானும் அவரும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்துவிட்டால் எழுதுங்கள், பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். நான் டைப் அடிக்கும் ஆபீசில் ஒரு புத்தகம் போடுகிறார்கள். பேராக் ஆற்றங்கரையில் வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கத்தக்க பழைய இடங்கள் பற்றியது. தமிழ்ப் பக்கம் என் பொறுப்பு. நம் கம்பித்துறைத் தோட்டத்தில் மட்டும் ஏழு இடங்களைக் குறித்திருக்கிறார்கள்: துரை பங்களா, வெள்ளைக்காரி சமாதி, புகைக்கூடத்துச் சிம்னி, கம்பிப் படகு, ஈயக் கப்பல், மாரியம்மன் கோயில், மேல் டிவிசன் பெரட்டுக் களம். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி வேண்டும். உங்களைவிட ஞாபகமுள்ளவர் அங்கே யாரும் இல்லை.

இன்னொன்று. பெரட்டுக் களத்தில் ஒரு கல் நடப் போகிறார்கள். அந்தக் களத்தில்தானே விடியுமுன் பெயர் கூப்பிட்டு, ஜப்பான்காரன் நாற்பத்தொரு பேரை சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றினான்? அவர்கள் பெயர்களை அதில் வெட்டுவார்கள். அப்பா பெயரும் அதில் வர வேண்டும் பெரியப்பா. அவர் கீழ் டிவிசன் ஆள், ‘ஓடிப்போனவன்’ என்றுதான் தோட்டத்துப் புத்தகத்தில் இருக்கிறது என்கிறார் அதிகாரி. அவரும் சயாமுக்குத்தான் போனார் என்று கண்ணால் பார்த்தவர் யாராவது சொன்னால் பெயர் போடலாமாம். போனவர்களில் திரும்பி வந்தது நீங்கள் ஒருவர்தான். அங்கே எங்கேயாவது அப்பாவைப் பார்த்தீர்களா?

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பேரோடுதான் போனாள். அந்தப் பேரையாவது நான் துடைக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நவமணி

கம்பித்துறைத் தோட்டம்
29.3.1981

தம்பி மகள் நவமணிக்கு,

பெரியப்பன் பிச்சைமுத்து வாய் சொல்ல, படகுத்துறை சாப்பாட்டுக் கடை ஜைனுலாப்தீன் கை எழுதுவது. மேலே இருக்கிற பிள்ளையார் சுழியை மட்டும் நான் போட்டேன். எனக்கு எழுத வருவது அது ஒன்றுதான். நான் சுகம். முழங்கால் சுகமில்லை. தைலம் வேண்டாம். நீ போன தடவை அனுப்பியதை ஜைனுலாப்தீன் மாமியார் தேய்த்துப் பார்த்துவிட்டு எனக்காகப் பரிதாபப்பட்டாள்.

பார்க்க வேண்டிய இடம் கேட்டாய். படித்தவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று தெரிகிறது, சொல்கிறேன்.

துரை பங்களாவுக்கு முன்பக்கம் பதினாறு படி. அதில் ஒரு படி நான் ஏறியதில்லை. அதன் அழகு எனக்கு எப்படித் தெரியும்? பின்பக்கம் சமையல்கட்டை ஒட்டிச் சாக்கடை மேல் ஒரு கல் கிடக்கும். புகார் சொல்ல வந்தவன் அதன் மேல்தான் நிற்க வேண்டும். நம் வாசம் துரைக்கு அடிக்கக் கூடாதாம், சாக்கடை வாசம் அடித்தால் பரவாயில்லையாம். வருகிறவர்களை அந்தக் கல்லில் ஐந்து நிமிஷம் நிற்கவை. நாலு வரி எழுத வேண்டிய அவசியமே இருக்காது.

வெள்ளைக்காரி சமாதி என்று ஒன்று எழுதியிருக்கிறாய். அந்தக் குழியை வெட்டியவன் நான். மூன்றடி நீளம். எந்த வெள்ளைக்காரி மூன்றடிக்குள் அடங்குவாள்? அது துரையின் நாய். பெல்லா என்று கூப்பிட்டால் ஓடி வரும். பெரிய வெள்ளத்துக்கு மறு வருஷம் பாம்பு கடித்துச் செத்தது. ஈப்போவிலிருந்து பளிங்குக் கல் வந்தது. அதே மாதம் அதே வரிசை ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த இருளாயியையும் பாம்பு கடித்தது. அவளுக்கு ஒரு மரப்பலகை கூட வைக்கவில்லை. போன வருஷம் ஒரு வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டி வந்து அந்த நாய்க்கு முன்னால் ஒரு நிமிஷம் தலை குனிந்து நின்றார். நான் பக்கத்தில் மாடு கட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. படித்தவர், துக்கத்தைக் கெடுப்பானேன்.

சிம்னி இடி விழுந்து சாய்ந்தது என்று போடப் போகிறார்கள், பார். இடியும் இல்லை மின்னலும் இல்லை. தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணியின் மைத்துனன் லாரி பழகினான்.

கல் நடுகிற விஷயம் பிறகு எழுதலாம். கடையில் கூட்டம் வந்துவிட்டது, பாய் எழுந்துவிட்டார்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

பெரியப்பன்

ஜெலாப்பாங்
12.4.1981

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மழையாக இருப்பதால் பெரியவனுக்குச் சளி.

உங்கள் கடிதத்தை ஆபீசில் வாசித்தேன். நாய்ச் சமாதி கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். ஆனால் பளிங்கு அழகாக இருக்கிறதே, விட மனசு வரவில்லையாம். ‘துரையின் அன்புக்குரிய பெல்லா’ என்று போட்டுவிடச் சொன்னார். பொய் இல்லை, பார்க்க வருகிறவர்களுக்கும் ஏமாற்றம் இல்லை என்கிறார். நான் அப்படியே டைப் அடித்தேன்.

அப்பாவைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை. கடையில் கூட்டம் என்று எழுதியிருந்தீர்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அம்மாவைத் தூக்கிய அன்று நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குளிப்பாட்டி உட்காரவைத்தபோது பொம்பளைகளுக்குள் தகராறு வந்தது. நெற்றியில் குங்குமம் வைப்பதா, திருநீறு பூசுவதா? புருஷன் இருக்கிறவளா, இல்லாதவளா? யாருக்கும் தெரியவில்லை. கருப்பம்மாள் அக்கா என்னைப் பார்த்து, ‘நீதான் சொல்லணும், உங்கப்பா இருக்காரா இல்லையா?’ என்றார். நான் என்ன சொல்ல? கடைசியில் நெற்றியை வெறுமையாக விட்டுத்தான் பாடையில் வைத்தோம். நீங்கள் வாசலில் நின்றீர்கள் பெரியப்பா. வாயைத் திறக்கவே இல்லை.

நீங்கள் சயாமில் பட்டதைப் பேச விரும்பாதவர் என்று எனக்குத் தெரியும். எதையும் விவரமாகச் சொல்ல வேண்டாம். பார்த்தேன், அல்லது பார்க்கவில்லை. ஒரு வார்த்தை போதும்.

முழங்காலை நனைய விடாதீர்கள்.

நவமணி

கம்பித்துறைத் தோட்டம்
10.5.1981

நவமணிக்கு,

சுகம், சுகமறிய ஆசை. பேரனுக்குச் சளி என்றாய், கற்பூரவள்ளி கொடு. டாக்டரிடம் ஓடாதே.

மிச்ச இடங்களையும் சொல்லிவிடுகிறேன். உன் அதிகாரி அழகு பார்த்துக்கொள்ளட்டும்.

கம்பிப் படகு. ஆற்றின் குறுக்கே ஒரு கம்பி, அதைப் பிடித்து இழுத்தால் படகு போகும். நூறு வருஷத்துப் படகு என்கிறார்களாம். நான் பார்க்க அடிப்பலகை எட்டு தடவை மாறியது, கம்பி மூன்று தடவை அறுந்தது, இழுக்கிறவன் நாலாவது ஆள். நூறு வருஷமாக மாறாதது ஒன்றுதான், ஏறுகிறவன் முட்டி வரை நனைவான்.

ஈயக் கப்பல். அது மூழ்கவில்லை. கம்பெனிக்காரன் ஈயம் தோண்டி முடித்ததும் குட்டையிலேயே விட்டுவிட்டுப் போனான், தண்ணீர் ஏறிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோடி ஜோடியாக வந்து அதன் மேல் ஏறிப் படம் பிடிக்கிறார்கள். துருப்பிடித்த தகரம் பார்க்க இவ்வளவு தூரம் எதற்கு? ஈப்போக்காரன் லகாட்டில் இறங்கினால் வேண்டிய மட்டும் பார்க்கலாம்.

கோயில் ஐந்நூறு வருஷமாம். எவனோ தலைவராக நிற்கிறவன் சொல்லியிருப்பான். தோட்டம் போட்டே எழுபது வருஷம். அதற்கு முன்னால் வெறும் காடு. அந்தக் காட்டுக்குள் நானூறு வருஷம் மாரியம்மன் யாருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள், எங்களைக் கப்பலில் கொண்டுவரட்டும் என்றா?

பெரட்டுக் களம். புல். மாடு மேய்கிறது. பார்க்க ஒன்றும் இல்லை.

உன் அப்பன் விஷயம். புத்தகத்தில் எழுதியது எழுதியதுதான். ஓடிப்போனவனுக்குக் கல் எதற்கு? நான் பார்க்கவில்லை என்று உன் ஆத்தாளிடம் அப்போதே சொல்லியாகிவிட்டது. கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்காதே.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

பெரியப்பன்

ஜெலாப்பாங்
7.6.1981

பெரியப்பாவுக்கு,

நாங்கள் சுகம். சளி சரியாகிவிட்டது.

ஓடிப்போனவனுக்குக் கல் எதற்கு என்று எழுதச் சொன்னீர்கள். அந்த வரியில் மட்டும் ஜைனுலாப்தீன் பாயின் எழுத்து கோணியிருக்கிறது. எழுத அவருக்கே கை வரவில்லை போலிருக்கிறது.

தோட்டத்து ஸ்டோரிலிருந்து அந்த வருஷத்துப் பெரட்டுப் புத்தகங்கள் இரண்டும் ஆபீசுக்கு வந்தன. மேல் டிவிசன் புத்தகத்தில் நாற்பத்தொரு பெயர். பதினேழாவது, பிச்சைமுத்து, தகப்பன் பழனியப்பன். அதன் எதிரில் மட்டும் பிற்பாடு யாரோ வேறு மையில் ‘திரும்பியவர்’ என்று எழுதியிருக்கிறார். கீழ் டிவிசன் புத்தகத்தில் சன்னாசி, தகப்பன் பழனியப்பன், ஓடிப்போனவன். நான் தேதியைப் பார்த்தேன். இரண்டும் ஒரே தேதி. 1943 ஜூன் பதினாலு.

எனக்கு அப்போது நாலு மாசம். அண்ணனை லாரியில் ஏற்றிய அதே காலையில் தம்பி கைக்குழந்தையை விட்டுவிட்டு ஓடுவானா? எனக்கு ஒன்று தோன்றுகிறது. உங்களை ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா ஆற்றைத் தாண்டி ஓடி வந்திருப்பார், அவரையும் பிடித்து ஏற்றியிருப்பான். அப்படியானால் லாரியில் நாற்பத்திரண்டு பேர் இருந்திருக்க வேண்டும். அதை மட்டும் சொல்லுங்கள்.

இன்னொரு செய்தி, நல்ல செய்திதான். புத்தகத்தில் எட்டாவதாக உங்களையே சேர்த்திருக்கிறார்கள். ‘சயாம் மரண ரயிலிலிருந்து மீண்ட முதியவர், படகுத்துறைக் கடையில் மாலையில் காணலாம்’ என்று வரும். படம் எடுக்க ஆள் அனுப்புகிறார்கள். நல்ல சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

நவமணி

கம்பித்துறைத் தோட்டம்
21.6.1981

நவமணிக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

நான் என்ன பங்களாவா, நாய்ச் சமாதியா, மாலையில் வந்து காண்பதற்கு? ஐஸ் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டே நாலு பேர் வந்து, தாத்தா சயாமில் என்ன சாப்பிட்டீங்க என்பான். போகும்போது தோளில் கை போட்டுப் படம் பிடிப்பான். வீட்டுக்குப் போய்ப் படத்தில் எது தாத்தா எது தகரக் கப்பல் என்று சொல்லித் தேடுவான். எட்டாவதை அடித்துவிடு. ஆளை அனுப்பாதே. அனுப்பினால் நல்ல சட்டையோடு நிற்க மாட்டேன், பால்வெட்டுக் கத்தியோடு நிற்பேன்.

லாரியில் நாற்பத்தொரு பேர்தான். நாற்பத்திரண்டு இல்லை. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

பெரியப்பன்

படகுத்துறை, கம்பித்துறைத் தோட்டம்
2.8.1981

சகோதரி நவமணி அவர்களுக்கு,

ஜைனுலாப்தீன் எழுதுவது. உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஆண்டவன் நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும். பெரியவருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

படம் எடுக்க ஆபீசிலிருந்து ஆள் வந்தார். பெரியவர் கத்தி எதுவும் எடுக்கவில்லை. வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டார். கேமராவுக்கு ஆபத்தில்லை, ஆள்தான் நனைந்தார். என் கைலி ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.

அதற்குப் பிறகு பெரியவர் கடைக்கு வருவது குறைந்துவிட்டது. என் கல்லாவுக்கு மேலே அவர் படம் ஒன்று மாட்டியிருந்தேன். கீழே ‘சயாம் வீரர்’ என்று நானே எழுதி வைத்தது. போன வெள்ளிக்கிழமை மத்தியானம், கடை நிறைய ஆள் இருக்கும்போது வந்து, நாற்காலி போட்டு ஏறி, அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் இங்கே வந்து கடை எடுத்து இருபத்தாறு வருஷம். அவர் திட்டாத ஆளும் இல்லை, எனக்குச் சொல்லாத கதையும் இல்லை. எந்தக் கிராணி எந்த வருஷம் யாரிடம் அறை வாங்கினார் என்பது வரை சொல்லுவார். சயாம் பற்றி மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. அங்கே மழை எப்படி என்று கூடச் சொன்னதில்லை. பட்டவர் பேசமாட்டார் என்று என் வீட்டில் ஷம்சாத் சொல்லுவாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களை வருத்தப்படுத்த எழுதவில்லை. முடிந்தால் ஒரு நடை வந்து பாருங்கள்.

ஜைனுலாப்தீன்

ஜெலாப்பாங்
16.8.1981

பெரியப்பாவுக்கு,

புத்தகத்துக்காக சயாம் போய் வந்த வேறு ஆட்களையும் தேடினோம். இங்கே ஜெலாப்பாங் கோயிலுக்குப் பக்கத்தில் பத்துமலை என்று ஒருவர் இருக்கிறார். லகாட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர். என்னை அவருக்கு ராஜு வீட்டம்மா என்றுதான் சொன்னார்கள். என் பேர் அவருக்குத் தெரியாது.

கம்பித்துறைக்காரர்களைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். ஒரே கேம்ப். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் உங்கள் பேரைச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“பிச்சமுத்துன்னு ஒரு ஆளு. சின்ன வயசு. மழை ஆரம்பிச்சு ரெண்டாம் மாசம் காலராவுல போயிட்டான்மா. நாந்தான் தூக்கிட்டுப் போயி குழியில வச்சேன். வாய் ஓயாம மக பேச்சுதான் லா அவனுக்கு. நாலு மாசப் புள்ளயாம். நவமணின்னு பேரு வச்சிருக்கோம்னு சொல்லிக்கிட்டே இருப்பான்.”

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவரிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் கல்யாணமே செய்துகொள்ளாதவர். உங்களுக்கு நாலு மாசத்தில் நவமணி என்று ஒரு மகள் எங்கே இருந்தாள் பெரியப்பா?

நவமணி

கம்பித்துறைத் தோட்டம்
25.10.1981

நவமணிக்கு,

உன் கடிதத்தை ஜைனுலாப்தீன் படித்துக் காட்டி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. இந்த மாதிரி விஷயத்தை ஒருவன் தானே எழுதி, தானே ஒட்டி, தானே தபாலில் போட வேண்டும். எனக்கு எழுத்து வராது. இன்னொருவன் காதில் விழாமல் என்னால் உனக்கு ஒன்றும் சொல்ல முடியாது. அவன் காதில் விழட்டும் என்று முடிவு பண்ண இவ்வளவு நாள் ஆனது. இன்று கடைக்கு லீவு. கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறார்.

நான் சயாமுக்குப் போகவில்லை.

இதை எழுதிவிட்டுப் பாய் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எழுந்து பின்பக்கம் போய், முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சரி, மேலே எழுதுங்கள் பாய்.

பெரட்டு எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாது, நீ பள்ளிக்கூடம் போனவள். விடிவதற்கு முன்னால் களத்தில் ஒரே ஒரு விளக்கு. கிராணி புத்தகத்தைப் பார்த்துப் பேரைக் கூப்பிடுவான். இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தால் போதும், கோடு போட்டுவிடுவான். முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டான். பேர் விழாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் அரிசியும் இல்லை. அதனால் வர முடியாதவனுக்காகச் சொந்தக்காரன் குரல் கொடுப்பான், அவன் பிறகு வந்து வரிசையில் சேர்ந்துகொள்வான். ஐயாவு கங்காணிக்கு இது தெரியும், கண்டுகொள்ள மாட்டார். பேர் கொடுக்கிறது என்போம், தோட்டம் பூராவும் நடந்தது. யாரும் தப்பு என்று நினைத்ததில்லை.

நான் குடிகாரன். சீனன் காய்ச்சுகிற சம்சு. வாரத்தில் இரண்டு நாள் என்னால் எழுந்திருக்க முடியாது. அந்த நாளில் எல்லாம் உன் அப்பன் இருட்டில் ஆற்றைத் தாண்டி வந்து, மேல் டிவிசனில் என் பேருக்குக் குரல் கொடுத்துவிட்டு, திரும்பிப் போய்க் கீழ் டிவிசனில் தன் பேருக்குக் குரல் கொடுப்பான். அங்கே பெரட்டு அரைமணி நேரம் தாமதம். அவனாக வருவான். நான் வரச் சொன்னதில்லை. வராதே என்றும் சொன்னதில்லை.

அன்றைக்கும் வந்தான். நான் சீனன் கொட்டகையில் வாந்தியில் கிடந்தேன். கிராணி பேரைக் கூப்பிட்டு முடித்ததும் சிம்னிக்குப் பின்னால் நின்ற லாரி வெளிச்சம் போட்டதாம். குரல் கொடுத்தவன் அத்தனை பேரையும் ஏறச் சொன்னார்கள். உன் அப்பன் ‘நான் சன்னாசி’ என்று சொல்லியிருந்தால் இறக்கிவிட்டிருப்பார்களா, அங்கேயே வெட்டியிருப்பார்களா, எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் என்னைத் தேடியிருப்பார்கள். அது எனக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை.

ஐயாவு கங்காணி கொட்டகைக்கு ஓடி வந்து என்னை உதைத்து எழுப்பினார். “உன் பேரு லாரியில போயிருச்சுடா. இனி நீ இங்க நின்னா உன் தலையும் போகும், என் தலையும் போகும்” என்றார். நான் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓடினேன். நம் குடும்பத்தில் ஓடிப்போனவன் ஒருத்தன் உண்டு, அது நான். பாரிட் புந்தார் பக்கம் ஒரு மலாய்க்காரர் வயலில் இரண்டு வருஷத்துக்கு மேல் நாற்று நட்டேன், நெல் அறுத்தேன். அவர் நல்ல மனுஷன், என்னைக் கேள்வி கேட்கவில்லை.

சண்டை முடிந்து திரும்பி வந்தேன். எலும்பும் தோலுமாக இருந்தேன், காலில் வயல் புண். படகில் இறங்கியதும் ஒரு பொம்பளை ‘சயாம்லருந்து வந்துட்டான்’ என்று கத்தினாள். எல்லாரும் ஓடி வந்து காலைத் தொட்டார்கள். நான் போனேன் என்று சொல்லவில்லை. போகவில்லை என்றும் சொல்லவில்லை. முப்பத்தாறு வருஷம் அப்படியே இருந்துவிட்டேன். அந்த நாய்க் கல்லைப் பார்த்துச் சிரித்தேனே, அதுவாவது உள்ளே ஒரு நாய் இருக்கிற சமாதி.

ஐயாவு ஐம்பத்தொன்றில் செத்தார். அதற்குப் பிறகு தெரிந்தவன் நான் ஒருத்தன். உன் ஆத்தா செல்லாயி ஒரே ஒரு தடவைதான் என்னைக் கேட்டாள். “அன்னைக்கு அவரு ஆத்தத் தாண்டி உங்க பக்கம் வந்தாரா மாமா?” என்றாள். நான் இல்லை என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டதே இல்லை. அவளைப் பாடையில் வைத்த அன்று திருநீறு பூசுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள்.

உன் அதிகாரியிடம் இதைக் காட்டு. பதினேழாவது பேர் என்னுடையது இல்லை. அங்கே சன்னாசி என்று வெட்டச் சொல். கண்ணால் பார்த்த சாட்சி கேட்டாராம், பார்த்தவன் இல்லை, ஆனால் எனக்குப் பதிலாகப் போனவன் யார் என்று எனக்குத்தான் தெரியும். கீழே என் இடது கட்டைவிரல் ரேகை. ஜைனுலாப்தீன் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார். ஊருக்கு இனிமேல் தானாகத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

பிச்சைமுத்து

ஜெலாப்பாங்
20.12.1981

பெரியப்பாவுக்கு,

சுகம் விசாரித்து எழுத எனக்கு இன்னும் வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அதிகாரியிடம் கொடுத்தேன். கைரேகையைப் பார்த்தார், இரண்டு புத்தகத்தின் தேதியைப் பார்த்தார், பத்துமலையைக் கூப்பிட்டு விசாரித்தார். கல்லில் பதினேழாவதாக அப்பா பெயரை வெட்டிவிட்டார்கள். நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். புத்தகமும் அச்சாகிவிட்டது. எட்டாவதை நானே அடித்துவிட்டேன். உங்களைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள்.

அம்மாவைப் புதைத்த இடத்துக்கும் போனேன். கருப்பம்மாள் அக்கா கூட வந்தார். அம்மா முப்பத்தாறு வருஷம் குங்குமத்தை வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் தினமும் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறாள். நீங்கள் பக்கத்து டிவிசனில் இருந்தீர்கள். ஓடியதை நான் பொறுத்துக்கொள்வேன். அந்தக் காலத்தில் யாரும் ஓடியிருப்பார்கள். நீங்கள் அவளிடம் இல்லை என்று சொன்னதை என்னால் பொறுக்க முடியாது. பொறுக்க முடியும் என்று பொய் எழுதவும் மாட்டேன்.

பொங்கலுக்கு மறு ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லைத் திறக்கிறார்கள். வருவதானால் வாருங்கள். என் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

இனி எழுதப்போவது நான் எழுத விரும்பாதது. ஆனால் இது எனக்கு வந்த செய்தி இல்லை, உங்களுக்கு வந்தது. அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

உங்கள் கடிதத்தைப் பத்துமலைக்கு வாசித்துக் காட்டினேன். பெரட்டு வரும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகுதான் இதைச் சொன்னார். அப்பா சாகிற அன்று அவரிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்பினாராம். காய்ச்சலில் உளறுகிறார் என்று இவர் நினைத்திருக்கிறார். இருந்தாலும் சண்டை முடிந்ததும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று கம்பித்துறைக்கு வந்திருக்கிறார். படகுத்துறையில் விசாரித்தபோது, பிச்சைமுத்துதான் உயிரோடு திரும்பி வந்துவிட்டாரே என்றார்களாம். தான் புதைத்த பிச்சைமுத்து அதே பேருள்ள வேறு ஆள் என்று எண்ணிக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டார். இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அப்பா சொன்னது இதுதான்:

“எங்கண்ணங்கிட்ட சொல்லிரு. பேரு குடுத்தாச்சு, பயப்பட வேணாம். மெதுவா வரச் சொல்லு.”

சன்னாசி மகள் நவமணி